ஒரு ஓட்டு குறைந்தால் சஸ்பெண்டா? முதல் தடவை தேர்தல் பணிக்குப் போகும் டீச்சருக்கு

கோத்தகிரியில் வேலை பார்க்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "சட்டமன்றத் தேர்தலுக்கு என்னை வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் போட்டிருக்கிறார்கள், கூடலூர் தொகுதி. எனக்கு இது முதல் தடவை. மெஷினில் இருக்கும் எண்ணிக்கையும் ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்று இடித்தாலும் சஸ்பெண்ட்தான் என்று பள்ளியில் பயமுறுத்துகிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் லிஸ்டில் இருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு ஓட்டு மேட்டுப்பாளையத்தில். போன நாடாளுமன்றத் தேர்தலில் சர்டிபிகேட் வாங்கி டூட்டி பூத்திலேயே ஓட்டுப் போட்டோம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நானும் அப்படிப் போடலாமா?"

டீச்சர், முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பணியாளர்களைக் கணினிக் குலுக்கலில் மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதலில் யார் யார் என்பது, அடுத்து எந்தத் தொகுதி, யாரோடு யார் என்பது, கடைசியில் எந்த பூத் என்பது. பூத் பெயர் உங்கள் கைக்கு வருவதே வாக்குப்பதிவுக்கு முந்தின நாள்தான். எல்லாக் கட்டத்திலும் தேவைக்கு மேல் ஆள் எடுத்து ரிசர்வில் வைப்பார்கள். அதனால் பத்துப் பேரிடம் ஒருவர் பணம் வாங்கினால், அவர் ஒரு விரலைக்கூட அசைக்காமலே அதில் ஒருவரோ இருவரோ ரிசர்வுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் "மேலே முயற்சி பண்ணினேன், இந்தத் தடவை நடக்கலை" என்று பாதியைத் திருப்பிக் கொடுப்பார். ரிசர்வில் போனவர் அடுத்த தேர்தலுக்கு அவருக்கே விளம்பரம் செய்வார்!

இன்னொரு வகை ஆளும் உண்டு, "போகாமலே இருங்கள், சட்டப்படி 500 ரூபாய் அபராதம்தான்" என்பார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் என்றுதான் இருக்கிறது, உண்மை. அந்த நாட்களில் நீங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாக 28ஏ பிரிவு சொல்வதை மட்டும் சொல்ல மாட்டார். துறை நடவடிக்கை வருவது அந்த வழியாகத்தான். உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை, கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்கிறது என்றால் காகிதங்களோடு நேராக மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மனு கொடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஓட்டு இடித்ததற்காக மட்டும் யாரும் உங்களை சஸ்பெண்ட் செய்யப் போவதில்லை. இடித்ததை மறைத்து, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் கணக்கு நேராக வரும்படி எண்ணை மாற்றி எழுதினால்தான் மாட்டுவீர்கள். இடிப்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான்.

ஒன்று, மாதிரி வாக்குப்பதிவு. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரைக்கு இதைத் தொடங்க வேண்டும், நோட்டா உட்பட எல்லாருக்கும் விழும்படி குறைந்தது 50 ஓட்டு. முடிந்ததும், அலுவலர் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று அதே வரிசையில் அழுத்த வேண்டும். விடியற்காலைக் குளிரில், ஏஜெண்டுகள் நேரமாச்சு நேரமாச்சு என்று நிற்கும்போது கிளியரை மறந்துவிடுகிறார்கள். அந்த 50 ஓட்டும் உள்ளேயே இருக்க அதன் மேல் நிஜ ஓட்டு விழ ஆரம்பிக்கும். கிளியர் அழுத்திய பிறகு டோட்டல் பட்டனை அழுத்தி, பூஜ்யம் வருவதை ஏஜெண்டுகளிடம் காட்டிய பிறகுதான் முத்திரைக்குக் கை வையுங்கள். விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மறந்துவிட்டது என்று இடையில் தெரிந்தால் அந்த நிமிடமே, பல பூத்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மண்டல அலுவலரிடம் சொல்லி எழுத்தில் பதிவு செய்யுங்கள். அப்படிப்பட்ட மெஷினை எண்ணிக்கை நாளில் தனியாக வைத்து, வெற்றி வித்தியாசம் அதில் பதிவான ஓட்டைவிடக் குறைவாக இருந்தால் சீட்டுகளை எண்ணிக்கொள்ள வழி இருக்கிறது. உலகம் இடிந்துவிடாது.

இரண்டாவது, பீப் சத்தம். தோட்டத்து லயன்களில் (தொழிலாளர் வீட்டு வரிசைகளில்) இருந்தும் பழங்குடி ஊர்களில் இருந்தும் வரும் வயதானவர்கள் 17ஏ என்ற வாக்காளர் ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பட்டனை லேசாகத் தொட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஓட்டு பதிவாகியிருக்காது. அடுத்து வருபவர் அழுத்தினால் அது முன்னால் போனவருக்குத் திறந்து விட்ட ஓட்டிலேயே போய்விடும், ரிஜிஸ்டரில் இரண்டு பேர், மெஷினில் ஒன்று. ஆகவே கன்ட்ரோல் யூனிட்டில் உட்காரும் அலுவலரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள், பீப் கேட்காமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது, அடுத்தவரை உள்ளே விடவும் கூடாது. ரிஜிஸ்டரில் பதிந்த பிறகு ஓட்டுப் போட மாட்டேன் என்று ஒருவர் போய்விட்டால், குறிப்புப் பத்தியில் எழுதி அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். 17சி-யில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது, அதைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்.

மலைக்கு வரும் விவிபேட்டுக்கு இன்னும் ஒன்று. பின்னால் ஒரு திருகு இருக்கும், பயணத்தில் அது படுக்கை வாட்டத்தில் பூட்டியிருக்கும், காலையில் ஆன் செய்வதற்கு முன்னால் அதை நிமிர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் "மெஷின் ரிப்பேர்" என்று போன் அடிப்பவர்கள் ஏராளம். கொண்டைஊசி வளைவுகளில் ஜீப் ஏறி மாற்று மெஷின் வருவதற்குள் க்யூவில் நிற்பவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நேர் மேலே பல்பு எரியும் இடத்தில் அதை வைக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் ஒவ்வொருவர் கையாலும் செய்ய வைக்க வேண்டும். ஆனால் ஒரு ஹால் நிறைய ஆட்களை அடைத்து, மேடையில் ஒரு மெஷினைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள், அப்புறம் தப்பு நடந்தால் மெமோ மட்டும் சரியாக வருகிறது. நீங்கள் கூச்சப்படாமல் முன்னால் போய் அந்த மூன்று பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது உங்கள் ஓட்டு. சக ஆசிரியர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் இந்தத் தடவைக்குப் பொருந்தாது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நீலகிரி தொகுதி என்பது உதகை, குன்னூர், கூடலூரோடு கீழே இருக்கும் மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் சேர்ந்தது. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம்தான், இருந்தாலும் நீலகிரி எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகிறது. அதனால் 2024-ல் மேட்டுப்பாளையத்து வாக்காளர் கூடலூரில் பணி பார்த்தாலும் ஒரே தொகுதி, 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, தேர்தல் பணிச் சான்று வாங்கி அங்கேயே மெஷினில் போட முடிந்தது. சட்டமன்றத் தேர்தலில் கூடலூர் வேறு தொகுதி, மேட்டுப்பாளையம் வேறு தொகுதி, வேட்பாளர்களே வேறு. கூடலூர் மெஷினில் உங்கள் வேட்பாளர் பெயர் இருக்காதே! ஆகவே உங்களுக்குத் தபால் ஓட்டு மட்டும்தான். பயிற்சி நாளிலேயே தபால் ஓட்டு கேட்கும் படிவம் 12-ஐ, வாக்காளர் பட்டியலில் உள்ள உங்கள் பாகம் எண், வரிசை எண்ணோடு பூர்த்தி செய்து கொடுங்கள். அந்த எண்கள் தெரியாமல் போய் நின்று ஓட்டையே விட்டவர்கள் உண்டு.

2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு பணியாளர்கள் தபால் ஓட்டை அதற்கென அமைத்த மையத்துக்குப் போய்த்தான் போட வேண்டும். வீட்டுக்கு வராது. "கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கவரை நான் சேர்த்துவிடுகிறேன்" என்று எவர் வந்தாலும், சங்கத்து ஆளாக இருந்தாலும், கொடுக்காதீர்கள். ஓட்டுச் சீட்டு சின்ன உறைக்குள், 13ஏ உறுதிமொழி அதற்கு வெளியே, இரண்டும் பெரிய உறைக்குள். உறுதிமொழியில் உங்கள் கையெழுத்தும் சான்றொப்பமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். அதையும் சின்ன உறைக்குள் போட்டுவிட்டால் ஓட்டு செல்லாது.

முந்தின நாள் இரவு பூத்திலேயே தங்க வேண்டியிருக்கும். சேரம்பாடி, தேவாலா பக்கம் என்றால் இருட்டிய பிறகு பள்ளிக் கட்டடத்தை விட்டு வெளியே போகாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். கழிப்பறை தனியாக இருந்தால் போலீஸ்காரரைத் துணைக்குக் கூப்பிடுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். கம்பளி, டார்ச், மாத்திரை, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் இல்லாத இடமாக இருந்தால் தகவல் எப்படிச் சொல்வது என்று பொருட்களை வாங்கும்போதே மண்டல அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்து மெஷினை ஒப்படைக்கும்போது நடு இரவு தாண்டிவிடும், பெண்கள் குளிரில் வரிசையில் நிற்கிறார்கள், இத்தனை தேர்தல் நடந்தும் கூடுதலாக இரண்டு கவுன்டர் போட இவர்களுக்கு மனம் வரவில்லை. அங்கேயும் ஒருவர் வந்து "மேடம், வெச்சுட்டுப் போங்க, நான் கணக்குக் கொடுத்துடறேன்" என்பார். நின்று, 17சி நகல் உட்பட ஒவ்வொரு உறைக்கும் டிக் வாங்கி, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.