அல்பாக்காவின் தலையைத் தடவலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ஜூலையில் மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன அல்பாக்கா பண்ணைக்கு முன்பதிவு செய்திருக்கிறாள். ஆறு வயதுப் பேரனும் வருகிறான். அது துப்பும் என்கிறார்களே?
– வாசகி, மேற்கு மாம்பலம்

துப்பும்தான், தென் அமெரிக்காவிலிருந்து வந்து ரோமத்துக்காக வளர்க்கப்படும் இந்த ஒட்டகக் குடும்பத்துப் பிராணி. ஆனால் பெரும்பாலும் நம் மேல் அல்ல, தீவனத்துக்குப் போட்டிக்கு வரும் இன்னொரு அல்பாக்கா மேல். நடுவில் நிற்பவர் மேல் தெறிக்கும். துப்பும் முன் காதைப் பின்னால் மடக்கி, மோவாயை மேலே தூக்கும். அதைக் கண்டதும் பேரனை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். வயிற்றிலிருந்து வரும் பச்சைச் சாறு என்பதால் நாற்றம் அதிகம், சோப்புப் போட்டால் போய்விடும்.

ஆடு மாடுகளைப் போலவே அதற்கும் மேல்தாடையின் முன்பக்கம் வெட்டுப்பல் இல்லை, ஈறுத் திண்டுதான். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலைச் சேர்த்து வைத்து நீட்டினால் உதட்டாலேயே பொறுக்கிக்கொள்ளும். விரலால் கிள்ளிக் கொடுத்தால்தான் விரல் மாட்டும். பண்ணையில் தரும் குச்சித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அவசரத்தில் விழுங்கித் தொண்டை அடைத்துக்கொள்வது அல்பாக்காவுக்கு அடிக்கடி நடப்பது.

கோயில் பசுவுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை நம்முடையது. அங்கே பையிலிருந்து பிஸ்கட், ரொட்டி, சோறு எதையும் எடுக்கவே கூடாது. மூன்று அறை வயிற்றில் புல்லை நொதிக்க வைத்து அசைபோடும் பிராணி அது. மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

தலையைத் தடவுவது அதற்குப் பிடிக்காது. பக்கவாட்டில் மெதுவாகப் போய், கழுத்திலோ தோளிலோ கை வையுங்கள். பின்னாலிருந்து போனால் உதைக்கும். ஆண் குட்டியைக் கொஞ்ச வேண்டாம் என்று பண்ணைக்காரர் தடுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மனிதர் அதிகம் கொஞ்சி வளர்த்த ஆண், பெரிதானதும் நம்மையும் தன் இனத்துப் போட்டியாளராக நினைத்து முட்ட வரும்.

வெளியே வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி கை கழுவிய பிறகே தின்பண்டம். சானிட்டைசர் போதாது, கால்நடைச் சாணத்தில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியம் கிருமி அதில் சாவதில்லை. ஜூலை அங்கே குளிர்காலம். சேற்றுக்குத் தோதான மூடிய காலணி வேண்டும். ரோமம் கத்தரிப்பது வசந்தத்தில் என்பதால் புசுபுசுவென்று முழு ரோமத்தோடு பார்க்கலாம்.

கிளம்பும் முன் திருவண்ணாமலையில் அண்ணன் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் சிக்கல் வருமா?
– வாசகர், தாம்பரம்

மறைத்தால்தான் வரும். கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளிடமோ போனீர்களா என்று பயணியர் படிவத்தில் கேட்பார்கள். ‘ஆம்’ என்று குறியுங்கள். கோமாரி நோய் நம் ஊரில் இருக்கிறது, அங்கே இல்லை. அல்பாக்காவுக்கும் அது தொற்றும். தொழுவத்துக்குப் போட்ட செருப்பை இங்கேயே விட்டுவிடுவது உத்தமம். எடுத்துப் போவதானால் அடிப்பாகத்து மண்ணைத் தூரிகையால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஏக்கர் இருக்கிறது. இரண்டு அல்பாக்கா வாங்கி விட்டால் பிள்ளைகள் பார்க்க வருவார்களே?
– வாசகர், திருவான்மியூர்

வேண்டாம். இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் பிறகு. முதலில் வெயிலைப் பாருங்கள். வளர்ப்போர் கையாளும் கணக்கு இது: ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 120-க்குள் நிம்மதி, அதற்கு மேல் கவனம், 180-ஐத் தாண்டினால் உயிராபத்து. மே மாதப் பகலில் 100 டிகிரி, ஈரப்பதம் 60 என்றால் 160. இரவில் 86 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் 166. அதாவது ராத்திரியிலும் விடிவில்லை. ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய உடம்பு சூட்டை எங்கே இறக்கும்? பாவம் என்று முதுகில் தண்ணீர் ஊற்றினால் நனைந்த ரோமம் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். ரோமம் குறைந்த அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும்தான் பீய்ச்ச வேண்டும். போதாக்குறைக்கு, நம் வேலியோர அரளியில் சில இலைகளே அதைக் கொல்லப் போதும்.

பிள்ளைகள் தொட்டுப் பழக வேண்டும், அவ்வளவுதானே? செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்துச் சொந்த இனமான ‘சென்னைச் சிவப்பு’ செம்மறியை வாங்குங்கள். கம்பளியே இல்லாத ஆடு. இந்த வெயிலுக்கென்றே வாய்த்த உடம்பு.

‘பேபி அல்பாக்கா’ சால்வை குட்டியைக் கத்தரித்துச் செய்வதா?
– வாசகி, அண்ணா நகர்

இல்லை. சுமார் 22 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெல்லிய ரோமத்துக்கு வியாபாரத்தில் அந்தப் பெயர். பெரிய விலங்கினுடையதாகவும் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் இழுபட்டு நீண்டுவிடும். சென்னை ஈரத்தில் பீரோவுக்குள் போகும் முன் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அந்துப்பூச்சிக்கு எட்டாமல் மூடிய பையில் வையுங்கள்.