டேவிட் ராபர்ட்ஸின் பெத்லகேம் குகைக் கோவில் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இயேசு பிறந்ததாகக் கருதப்படும் குகை 1839இல் இந்தக் கல்லச்சுப் படத்தில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்) உள்ளபடியேதான் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை என்பதே என் பதில்.

எடின்பரோவுக்கு அருகில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த ராபர்ட்ஸ், ஓவியராகப் பெயர் பெறும் முன் நாடகக் கொட்டகைகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். மனிதர்களைச் சற்றுச் சிறிதாக எழுதினால் கட்டடம் தானாக உயர்ந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் கைவந்த வித்தை. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமே உள்ள குகை, தொங்கும் விளக்குகளுக்குக் கீழே மண்டியிட்டிருக்கும் யாத்திரிகர்களைச் சுற்றி ஒரு மண்டபம்போல் விரிவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தவிர, அச்சில் நாம் காண்பது அவருடைய கைக்கோடு அன்று. அவருடைய ஓவியங்களைப் பார்த்து, எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் சுண்ணாம்புக் கல்லின்மேல் இடவலம் மாற்றி வரைந்தவர் லூயி ஹாக். வலக்கை பிறவியிலேயே ஊனமுற்றிருந்ததால் இடக்கையால் வரைந்தவர். வண்ணமோ சில பிரதிகளுக்கு மட்டும் பின்னர் கையால் தீட்டப்பட்டது. ஆகவே நிறத்தைச் சான்றாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

உங்கள் பிரதியையும் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். பழைய புத்தகக் கடையில் நான் ஆசையாக வாங்கி வந்ததில், விளக்கடி நிழல் முழுவதும் ஒழுங்கான புள்ளி வரிசைகளாகப் பிரிந்தது. பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. மூலக் கல்லச்சாக இருந்தால், கல்லின் சொரசொரப்பில் பென்சில் உரசிய தடம் தாறுமாறான துகள்களாகத் தெரியும். (கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை, படம் அழகாகத்தான் இருக்கிறது.)

எனக்கு இந்தப் படத்தின் மதிப்பு அதன் தேதியில் இருக்கிறது. பிறந்த இடத்தைக் குறிக்க 1717இல் பதிக்கப்பட்ட வெள்ளி நட்சத்திரம் 1847இல் காணாமற்போனது. அதையொட்டிக் கிரேக்க (ஆர்த்தடாக்ஸ்) துறவிகளுக்கும் லத்தீன் (கத்தோலிக்க) துறவிகளுக்கும் முற்றிய சச்சரவு, 1853இல் மூண்ட கிரிமியப் போருக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. ராபர்ட்ஸ் அங்கே உட்கார்ந்து வரைந்தது இதற்கெல்லாம் முன்பு. பிற்காலத்தில் குகைச் சுவர்களை மூடிய தீப்பிடிக்காத கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணிகூட, தீ விபத்துக்குப் பின் 1874இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்மஹோன் அளித்ததுதான். எனவே இன்றைய புகைப்படத்தை அருகில் வைத்துக் குகையின் அளவை ஒப்பிடலாம். சுவரை ஒப்பிட்டு ராபர்ட்ஸ் பிழை செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது.