வெளியாள் யார்?

கேள்வி: என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர் நம் கோயில் ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறார். யார் மனமும் புண்பட்டுவிடக் கூடாதே என்று கவலையும் படுகிறார். ஒரு வெளியாள் கோயிலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: 'வெளியாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

நீங்கள் திருச்சிக்காரர். பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். காவிரிக் கரையில் மெய்மறந்து பாடிக்கொண்டிருந்த பாணர் ஒருவரை, வழியில் நிற்கிறார் என்று லோகசாரங்க முனிவர் கல்லால் அடித்தார். ரத்தம் வழிந்தது அரங்கன் நெற்றியில் என்கிறது வைணவ மரபு. அடித்தவரே தோளில் சுமந்து வந்து உள்ளே சேர்க்க வேண்டும் என்பது அரங்கனின் உத்தரவு. அப்படி வந்தவர்தான் திருப்பாணாழ்வார். அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கும் இடம் உண்டு. டெல்லி சுல்தானின் மகள், அரங்கன் மேல் காதல் கொண்டு அவன் பின்னாலேயே வந்துவிட்டாள் என்று கதை. அவளுக்குச் சிலை கிடையாது, சித்திரம்தான். அவள் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். வந்தவளுக்காகப் பெருமாள் தன் சாப்பாட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார்!

வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் போனால் திருப்புன்கூர். சாதியின் பேரால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த சிவனடியார் நந்தனாருக்காகச் சிவன் நந்தியை விலகச் சொன்னார். இன்றும் அங்கே நந்தி நேர்க்கோட்டில் இல்லை. கல் நந்தி நகர்ந்தது, வாசலைக் காத்த மனிதர்கள் நகரவில்லை. நூற்றாண்டுகள் கடந்தும் எனக்கு இந்தக் கோபம் ஆறவில்லை.

ஏன் என்றால் மதுரையைப் பாருங்கள். 1812 முதல் 1828 வரை அங்கே கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சிக்குத் தங்கத்தில் கல் பதித்த அங்கவடி (குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்) செய்து கொடுத்தார். ஊர் அவரைப் 'பீட்டர் பாண்டியன்' என்று கொண்டாடியது. கொண்டாடட்டும், நல்ல மனிதர். ஆனால் மதுரை மண்ணிலேயே பிறந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். கடல் தாண்டி வந்தவர் பாண்டியன், பக்கத்துத் தெருக்காரர் வெளியாள். இந்தச் சொல்லை நாம் அப்படித்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். செருப்பை வாசலில் விடட்டும். பிராகாரத்தை வலமாகச் சுற்றட்டும். சிலைகளைத் தொட வேண்டாம். கும்பிடுகிறவருக்கும் சன்னிதிக்கும் குறுக்கே போகாமல் இருந்தாலே பாதி மரியாதை வந்துவிடும். கும்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அமைதியாக நின்று பார்க்கலாம். திருநீறு வாங்கினால் வலது கையில் வாங்கட்டும். மிச்சத்தை ஒரு காகிதத்தில் மடித்துக்கொள்ளட்டும்.

இதை அவரை விட நமக்குத்தான் சொல்ல வேண்டும். சோழர் காலத்துச் சிற்பத்தின் மடியில் விபூதியையும் குங்குமத்தையும் கொட்டிவிட்டு வருவது ஜெர்மன்காரர்கள் அல்ல. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததும் நம்மால்தான். அப்புறம் அந்தக் கட்டண தரிசனம்! அது கூடாது என்று இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியதற்குக் கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. மறுபடியும் எழுதுகிறேன்: காசு கொடுத்தவர் கிட்டே, கொடுக்காதவர் எட்ட என்று கம்பி கட்டும்போது, தினமும் ஆயிரம் பேரை வெளியாள் ஆக்குகிறோம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தந்த தீர்ப்பு, இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்றது. சாமி மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் வாசலில் நிற்கும் காவலரிடம் வழக்காடாதீர்கள், அவர் போட்ட விதி இல்லை அது. உங்கள் நண்பர் பொய்யாக எதையும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் சாமி கும்பிடுவதற்கு முந்தின நாளே தனியாகப் போய் வந்துவிடுங்கள். நண்பரோடு போகிற அன்று, அவரைக் கொடிமரத்தடியில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள். அங்கேயே இருவரும் உட்காருங்கள். அவருக்கு நந்தனார் கதையைச் சொல்லுங்கள்.