ஸ்பானியக் கணிதத்தை ஆங்கிலமாக்கும்போது: ‘இன்’ எங்கே, ‘ஆன்’ எங்கே?

கேள்வி: ஸ்பானிய மொழியில் உள்ள பல்கலைக்கழகக் கணிதப் பாடக்குறிப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறேன். ‘என்’ (இல்), ‘சோப்ரே’ (மேல்) ஆகிய முன்னிடைச்சொற்கள் வரும் இடமெல்லாம் தடுமாறுகிறேன். அகராதி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சொற்களைத் தருகிறது. எதை எடுப்பது?

பதில்: அகராதியை மூடிவிட்டு, முன்னிடைச்சொல்லுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பானிய ‘என்’ நம் ஏழாம் வேற்றுமை ‘இல்’ உருபுக்கு நெருக்கமானது. புள்ளியில், இடைவெளியில், கணத்தில் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும். ஆகவே படிக்கும்போது நமக்குச் சிக்கல் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது.

‘கொந்தினுவா என்’ என்ற தொடரைப் பாருங்கள். சார்பு தொடர்ச்சியானது என்று சொல்லும் தொடர் இது. அடுத்து வருவது ஒரு புள்ளி என்றால் ‘அட்’. சுழி முதல் ஒன்று வரையிலான இடைவெளி என்றால் ‘ஆன்’. சீரான ஒருங்குதலில் (யூனிஃபார்ம் கன்வெர்ஜென்ஸ்) வேறுபாடு இன்னும் நுட்பமானது. அடுத்து வருவது ஒரு கணம் என்றால் ‘யூனிஃபார்ம்லி ஆன்’. ‘எக்ஸ்’ போன்ற மாறி என்றால் ‘யூனிஃபார்ம்லி இன்’. எக்ஸில் அமைந்த பல்லுறுப்புக் கோவைக்கும் ‘இன்’தான்.

‘சோப்ரே’ அடுத்து நிற்பதைவிட முன்னால் நிற்கும் சொல்லுக்கே அதிகம் கட்டுப்படும். புலத்தின் (ஃபீல்டு) மீதான வெக்டர் வெளிக்கு ‘ஓவர்’. தொகுத்தறிதலுக்கு ‘ஆன்’, ‘இண்டக்ஷன் ஓவர்’ என்று எழுதினால் ஆங்கிலக் கணிதருக்கு உறுத்தும். குலம் (குரூப்) ஒரு கணத்தின் மீது செயல்படுவதற்கும் ‘ஆன்’. வீழலுக்கு (ப்ரொஜெக்ஷன்) ‘ஆன்டு’.

இவற்றில் தவறினால் நடை கெடும், அவ்வளவுதான். பொருளே கெடும் இடம் ஒன்று உண்டு. ‘அப்லிகாசியோன் தே ஆ என் பே’ என்பது ஏ என்ற கணத்திலிருந்து பி-க்குச் செல்லும் சார்பு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் ஏ டு பி’. அதே தொடரில் ‘என்’ இருந்த இடத்தில் ‘சோப்ரே’ வந்தால் அது மேல் சார்பு. பி-யின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏ-யில் முன்னுரு, அதாவது அதற்குச் சென்று சேரும் ஓர் உறுப்பு, இருக்கிறது. அங்கே ‘ஆன்டு’ கட்டாயம். இரண்டு இடத்திலும் கைப்பழக்கத்தில் ‘ஆன்’ போட்டால், ‘ஃபங்ஷன் ஆன் பி’ என்றதும் ஆங்கில வாசகர் பி-யைச் சார்பகமாகவே, அதாவது சார்பு புறப்படும் கணமாகவே, எடுத்துக்கொள்வார். சார்பு சென்று சேரும் கணமான துணைச் சார்பகம் சார்பகமாகிவிட்டால் அதற்குப் பின் வரும் நிரூபணம் முழுவதும் நொறுங்கும்.

‘எந்த்ரே’ மீதும் ஒரு கண் வையுங்கள். ‘தோசே எந்த்ரே த்ரெஸ்’ என்றால் பன்னிரண்டை மூன்றால் வகுப்பது, விடை 4. அங்கே ‘பிட்வீன்’ வராது, ‘டிவைடட் பை’ வரும். ‘போர்’ பெருக்கலில் ‘டைம்ஸ்’, நேர்கோடு ஒரு புள்ளி வழியே செல்லும்போது ‘த்ரூ’.

சொற்பட்டியல் வைத்திருந்தால் தனிச்சொல்லாக எழுதாமல் வினையோடும் பெயரோடும் சேர்த்துத் தொடராகவே எழுதி வையுங்கள். அந்தந்தப் பிரிவில் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ எழுதிய பாடநூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கணிதத்தின் வழக்கு பகுப்பாய்வுக்கு அப்படியே பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் ‘சோப்ரே’யில் ஐயம் எழும். ‘தெஃபினிதா சோப்ரே’ என்று எழுதியிருந்தால் சார்பகத்தைத்தான் சொல்கிறார்கள். ‘டிஃபைன்ட் ஆன்’ என்று எழுதிவிடலாம். அந்த வினை இல்லாத இடத்தில் நிரூபணத்துக்குள் போய், எங்காவது முன்னுரு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பாருங்கள். தேர்ந்தெடுத்திருந்தால் பெரும்பாலும் ‘ஆன்டு’தான், அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் குறிப்பை எழுதிய ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.