சிவப்பு மை பூசிய தெருக்கள்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொல்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரே. அப்புறம் எதற்கு 'கட்டமைப்பு இனவெறி' என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்? குற்றவாளிக்குச் சாக்கு தேடித் தருவதுதானே இது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. தனி மனிதனின் வெறுப்பை அல்ல, அரசும் வங்கியும் சட்டமும் சேர்ந்து ஓர் இனத்தை ஒதுக்கி வைப்பதைத்தான் 'கட்டமைப்பு இனவெறி' என்கிறார்கள். கொலையாகும் வெள்ளையர்களில் சுமார் 80 சதவீதம் பேரைக் கொல்வதும் வெள்ளையர்கள்தான். எங்கேயும் பக்கத்தில் இருப்பவன் மீதுதான் கை ஓங்குகிறது. அதை வெள்ளையினத்தின் குணம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

சுட்டவனை விட்டுவிடுங்கள் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அவை கேட்பது வேறு. 2020இல், 10 முதல் 24 வயதுவரையிலான கறுப்பின ஆண்கள் துப்பாக்கியால் கொல்லப்பட்ட விகிதம், அதே வயது வெள்ளையின ஆண்களைவிட 21 மடங்குக்கும் அதிகம். இத்தனை பிள்ளைகள் சாகிறார்கள். ஏன் என்று கேட்கக் கூடாதா?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தைப் பாருங்கள். 1930களில் வீட்டுக்கடன் தொடர்பான மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. நல்ல பகுதி பச்சை. கடன் கொடுக்க 'ஆபத்தான' பகுதி சிவப்பு. அதற்கான படிவத்தில் நீக்ரோக்கள் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம் என்று எழுதவே தனியாக ஓர் இடம் விட்டிருந்தார்கள். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிக் கடன் எட்டாக்கனியானது. கடன் இல்லாமல் வீட்டைப் பழுதுபார்ப்பது எப்படி, கடை வைப்பது எப்படி? வீடுகள் பாழடைந்தன, இடிந்தன, மனைகள் புதர் மண்டின. வீடு விற்பதிலும் கடன் தருவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1968இல்தான். 2013, 2014இல் அந்நகரில் நடந்த துப்பாக்கித் தாக்குதல்களைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். சிவப்புப் பகுதிகளில்தான் அதிகம். வரைபடம் போட்ட காலத்தில் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படித்தான்.

தற்செயல் என்பீர்கள். சரி, அதே நகரில் சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சிலவற்றைச் சுத்தம் மட்டும் செய்தார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். அந்தப் புதரும் குப்பையும்தான் துப்பாக்கியை ஒளித்து வைக்கும் இடம். போலீஸ் சோதனை போட்டால் கையில் இருக்காது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். 2018இல் முடிவு வெளியானது. சீர்செய்த மனைகளைச் சுற்றி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில், துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. மாலையில் ஜனங்கள் வெளியே வந்து உட்கார்ந்து பேசுவதும் கூடியிருந்தது.

அங்கே குடியிருந்தவர்களை யாரும் மாற்றவில்லை. பல ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத மண்ணில் கொஞ்சம் பணம் செலவழித்தார்கள், அவ்வளவுதான். குணம்தான் காரணம் என்றால், இந்த 29 சதவீதத்துக்கு உங்கள் விளக்கம் என்ன? எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.