டெர்பியம் மட்டும் ஏன் ஒளிரவில்லை?

வாசகர் கேள்வி: டி.டி.ஏ. எனப்படும் தீனாயில்ட்ரைஃபுளோரோஅசிட்டோனை ஈனியாக (உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறாக) கொண்டு யூரோப்பியம், டெர்பியம் இரண்டின் அணைவுச் சேர்மங்களையும் ஒரே முறையில் தயாரித்தேன். புற ஊதா விளக்கின் கீழ் யூரோப்பியச் சேர்மம் மங்கலான சிவப்பாக ஒளிர்கிறது. டெர்பியத்தில் பச்சை ஒளியே இல்லை. தயாரிப்பில் பிழையா?

டெர்பியத்தைப் பொறுத்தவரை பிழை பெரும்பாலும் செய்முறையில் இல்லை, ஈனியின் தேர்வில் இருக்கிறது. யூரோப்பியம், டெர்பியம் போன்ற லாந்தனைடு அயனிகளின் 4எஃப் எலக்ட்ரான் தாவல்கள் தடைசெய்யப்பட்டவை ஆதலால் அவை தாமாக உறிஞ்சும் ஒளி மிகக் குறைவு. ஈனி உறிஞ்சும் ஆற்றல் அயனியைச் சென்றடைந்து ஒளிரச் செய்கிறது என்பதை 1942இல் வைஸ்மன் யூரோப்பியத்தில் காட்டினார். பெரும்பாலும் ஈனியின் மும்மை நிலையிலிருந்தே (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் அமைந்த கிளர்நிலை) அந்த ஆற்றல் கைமாறுகிறது. டி.டி.ஏ.வின் மும்மை நிலை ஏறத்தாழ 20,500 செ.மீ⁻¹ (ஆற்றலைக் குறிக்கும் அலகு) உயரத்தில் உள்ளது. யூரோப்பியத்தின் ஒளிரும் நிலை 17,300 அளவில் தாழ்ந்திருப்பதால் ஆற்றல் அங்கே தங்கிவிடுகிறது. டெர்பியத்தின் நிலையோ அதே 20,500ஐ ஒட்டியிருப்பதால், பெற்ற ஆற்றல் அறை வெப்பநிலையிலேயே ஈனிக்குத் திரும்பிவிடுகிறது. டெர்பியத்திற்கு, மும்மை நிலை 25,000ஐத் தாண்டும் அசிட்டைலசிட்டோனைப் பயன்படுத்துங்கள்.

யூரோப்பியத்தின் மங்கலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது நீரைத்தான். மூன்று டி.டி.ஏ. ஈனிகள் ஆறு ஆக்சிஜன்களைத் தர, எட்டு என்ற அணைவு எண்ணை (அயனியோடு பிணையும் அணுக்களின் எண்ணிக்கையை) நிரப்ப இரண்டு நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் ஓ–எச் பிணைப்பு 3,400 செ.மீ⁻¹ அளவில் அதிர்வதால், அயனியின் ஆற்றலை நான்கைந்து தாவல்களுக்குள் வெப்பமாக்கிவிடும். யூரோப்பிய அயனியின் கிளர்நிலை சாதாரண நீரில் ஏறத்தாழ 0.11 மில்லிநொடியே நீடிக்க, ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருப்பதால் பிணைப்பு மெதுவாக அதிரும் கனநீரில் சுமார் 4 மில்லிநொடி நீடிப்பது இதற்குத் தெளிவான சான்று.

ஆகவே அடுத்த முறை, எத்தனாலில், மோல் கணக்கில் ஒரு பங்கு யூரோப்பியம் குளோரைடுக்கு மூன்று பங்கு டி.டி.ஏ.வுடன் ஒரு பங்கு ஃபினாந்த்ரோலினையும் சேருங்கள்; அதன் இரு நைட்ரஜன்கள் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டி.டி.ஏ.வின் புரோட்டானை நீக்கச் சோடியம் ஹைட்ராக்சைடு தேவைதான், ஆனால் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பி.எச். 7ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஒளிராத ஹைட்ராக்சைடும் சேர்ந்து வீழ்படியும், அது தூளோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. கரைசலில் அளப்பதானால் ஓ–எச் பிணைப்புள்ள மெத்தனாலைத் தவிர்த்து டைகுளோரோமீத்தேனைப் பயன்படுத்துங்கள்.

நிறமாலையில் 612 நானோமீட்டர் அருகேயுள்ள வலிய சிவப்பு முகட்டோடு, 580 அருகேயுள்ள சிறிய முகட்டையும் கவனியுங்கள். ஒரே வகை யூரோப்பியச் சூழலுக்கு அங்கே ஒரு முகடுதான் வர இயலும். இரண்டு தென்பட்டால் நீருள்ள சேர்மமும் கலந்திருக்கலாம், அளவீடுகளைத் தொடர்வதற்கு முன் மறுபடிகமாக்குங்கள்.