இசைக்குறியில் செய்த வண்டி

அன்புள்ள ஐயா,

மௌனப் படக் காலத்துக் கார்ட்டூன்களைப் பார்க்கும்படி ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு உட்கார்ந்து வரிசையாக ஏழெட்டு பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ‘கெர்ட்டி’யில் டைனோசர் வருவதற்குள் மகள் எழுந்து போய்விட்டாள். ஃபெலிக்ஸ் பூனை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு படத்தில் கறுப்பின மனிதரை வரைந்திருந்த விதம் அருவருப்பாக இருந்தது. இவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மகள் எழுந்து போனதில் ஒரு தப்பும் இல்லை. நண்பர்கள் பந்தயம் கட்டுவது, விருந்து என்று ‘கெர்ட்டி’யின் தொடக்கத்தில் வரும் காட்சிகள் எல்லாம் பிறகு ஒட்டவைத்தவை. 1914 பிப்ரவரியில் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே சிகாகோவில் அதை முதன்முதலாகக் காட்டியபோது அது ஒரு மேடை நிகழ்ச்சி. கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்று, “வா கெர்ட்டி” என்று அவர் கூப்பிடுவார். டைனோசர் வெட்கத்தோடு எட்டிப் பார்க்கும். சொன்ன பேச்சைக் கேட்காதபோது அதட்டுவார், அது அழும். சமாதானப்படுத்த ஒரு பழத்தைத் திரையை நோக்கி வீசுவார், கெர்ட்டி வாயில் பிடிக்கும். கடைசியில் மெக்கே மேடையிலிருந்து மறைவார். அதே நொடியில் வரையப்பட்ட மெக்கே திரைக்குள் தோன்ற, கெர்ட்டி அவரைச் சுமந்துகொண்டு போய்விடும்.

அவர் வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளி ஹெர்ஸ்டுக்கு, அவர் மேடைமேடையாகப் போவது பிடிக்கவில்லை. அதனால் மெக்கே இல்லாமலே ஓடும்படி படத்தை மாற்றினார்கள். அவர் குரல் இருந்த இடத்தில் எழுத்து அட்டைகள் வந்தன. நீங்கள் பார்த்தது பாதி நாடகம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அதில் பின்னணியில் இருக்கும் பாறைகள்கூட லேசாக நடுங்கும். பின்னணியைத் தனியாக வைக்கும் வசதி அவர்களிடம் இல்லை. கெர்ட்டியை மெக்கே வரைய, பாறையையும் ஏரியையும் ஒவ்வொரு தாளிலும் ஜான் ஃபிட்ஸிமன்ஸ் என்ற இளம் உதவியாளர் திரும்பத் திரும்ப வரைந்தார். எத்தனை கவனமாக வரைந்தாலும் கோடு மயிரிழை விலகத்தான் செய்யும். எனக்கு அந்த நடுக்கம் ரொம்பப் பிடிக்கும். மனிதக் கை அங்கே தெரிகிறது.

அதே 1914இல் ஏர்ல் ஹர்ட் என்ற இன்னொரு ஓவியர், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வரையும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு அது கிடைத்தது. பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும், பாத்திரத்தை மட்டும் மேலே வைத்து மாற்றிக்கொண்டே போகலாம். உழைப்பு குறைந்தது, படங்கள் குவிந்தன. 1921இல் தொடங்கிய பால் டெர்ரியின் ஈசாப் கதை வரிசையில் வாரத்துக்கு ஒரு படம் வந்தது. நாலு தாளைச் சுழற்றி அரை நிமிடம் ஓட்டுவது, பேச்சுக் குமிழை வாசித்து முடிக்கும்வரை பாத்திரத்தை உறையவைப்பது எல்லாம் அந்த அவசரத்தின் விளைவு. இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். பல படங்களை என்னாலும் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

ஆனால் ஃபெலிக்ஸின் நடையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதை உருவாக்கிய ஆட்டோ மெஸ்மர் அதற்கு முன் சாப்ளினை வைத்துக் கார்ட்டூன்கள் செய்தவர். ஓர் உடம்பு யோசிப்பதை எப்படிக் காட்டுவது என்று அங்கே பழகினார். அந்தப் பூனை குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போது யோசித்துக்கொண்டிருக்கிறது. படங்களில் ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவனின் பெயர்தான் இருந்தது. மெஸ்மரின் பங்கு உலகத்துக்குத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

1919இல் வந்த முதல் படத்தில், அப்போது அதற்கு டாம் என்று பெயர், பூனை வாத்தியம் வாசிக்கிறது. தியேட்டரில் அந்த வாத்தியத்தின் ஒலி கேட்காது. அதனால் இசைக்குறிகள் காற்றில் மிதக்கின்றன. பூனை அவற்றைப் பிடித்து வண்டி செய்து, காதலியோடு ஏறி ஓட்டுகிறது! சத்தம் இல்லாததால் சத்தத்தை வரைந்தார்கள். வரைந்துவிட்டதால் அது கையில் பிடிக்கிற பொருளாகிவிட்டது. 1928இல் மிக்கி மவுஸ் சீட்டியடித்துக்கொண்டு வந்த பிறகு பாட்டைக் காதால் கேட்கலாம், அதைக் காற்றிலிருந்து பறித்துச் சக்கரமாக்க வேண்டிய தேவை இல்லை. நான் அந்தக் காலத்தை நேசிப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கறுப்பின மனிதரை வரைந்த விதம் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லி நான் நழுவ மாட்டேன். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மேடைக் கூத்திலிருந்து வந்த அச்சு அது. பூனையின் வாலைக் கேள்விக்குறியாக்கவும் இசையை வண்டியாக்கவும் தெரிந்த கைகள், ஒரு மனிதரை வரையும்போது மட்டும் கண்ணைத் திறந்து பார்க்காமல் அந்த அச்சை எடுத்து வைத்தன. அறமாகவும் கலையாகவும் அது தோல்வி. மகளோடு பார்க்கும்போது இதை அவளிடம் பேசுங்கள்.

கதை வேண்டுமென்றால் லோட்டே ரைனிகர் 1926இல் முடித்த ‘இளவரசன் அக்மது’ இருக்கிறது. கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிச் செய்த நிழலுருவங்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் ஏழெட்டாக வரிசையில் பார்க்க வேண்டாம். அன்றைக்கு ரசிகர்கள் பெரிய படத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்று, பியானோவோ வாத்தியக் குழுவோ கூடவே வாசிக்க, பார்த்தார்கள்.

அப்புறம், ‘கெர்ட்டி’யை இன்னொரு முறை போடுங்கள். விருந்தை எல்லாம் தள்ளிவிட்டு, டைனோசர் வரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அட்டையில் வரும் வசனத்தை வாசிக்கச் சொல்லாமல், திரைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று நீங்களே உரக்கச் சொல்லுங்கள். அது அழும்போது உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.